கலத்தை அழைக்கும் ஒளி

சென்ற மார்கழியில் ஒரு மாலை. ஒளியியல் பாடத்தை முடித்த கையோடு, மாணவர்கள் சிலரைக் கதிர்காமத்திலிருந்து புதுவைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நம் கடற்கரை கிழக்கு நோக்கியது அல்லவா? எனவே கதிரவன் எங்கள் முதுகுக்குப் பின்னால், நகரத்து மாடிகளுக்கு அப்பால் மறைந்தான். கடல் கருத்தது. சற்று நேரத்தில், தென்திசையில் உயர்ந்து நிற்கும் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஓர் ஒளிக்கற்றை எங்களைத் தொட்டுவிட்டுப் போயிற்று. பிறகு இருள். மீண்டும் ஒளி.

"சார், விளக்கை எதற்காக இப்படிச் சுழல விட வேண்டும்? எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் கப்பல்காரர்களுக்கு இன்னும் வசதிதானே? பெரும்பாலான நேரம் இருட்டாக இருக்கும் விளக்கால் யாருக்கு என்ன பயன்?" என்று ஒரு மாணவர் கேட்டார்.

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு விடைகள் உள்ளன. ஒன்றை இயற்பியல் தருகிறது. மற்றொன்றை மாலுமிகள் பட்ட துன்பம் தருகிறது. இரண்டையும் அறிந்துகொண்டால்தான் கலங்கரை விளக்கம் என்பது என்னவென்று முழுமையாக விளங்கும். வாருங்கள், அடியிலிருந்து தொடங்கி உச்சி வரை படிப்படியாக ஏறிப் பார்ப்போம்.

பெயரில் உள்ள பொருள்

'கலங்கரை விளக்கம்' என்ற சொல்லில் வரும் 'கரை' கடற்கரையைக் குறிப்பதாகப் பலரும் எண்ணுகிறோம். ஆனால் தமிழில் 'கரைதல்' என்னும் வினைக்கு அழைத்தல் என்பது பொருள். காகம் கரைகிறது என்று சொல்வது இதனால்தான். கலம் என்றால் கப்பல். ஆகவே, கடலில் செல்லும் கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அத்தகைய ஒரு விளக்கத்தை வருணிக்கிறார். ஏணி சார்த்தி ஏற வேண்டிய உயர்ந்த மாடம்; அதன்மேல் கூரை இல்லாத தளம்; அங்கே இரவில் மூட்டப்படும் தீ; அதைக் கண்டு துறையை அறியும் கலங்கள். சிலப்பதிகாரமும் புகாரின் கடற்கரையைச் சொல்லும் இடத்தில் கலங்கரை விளக்கத்தைக் குறிப்பிடுகிறது.

ஒளியால் அழைப்பது என்ற இந்தக் கருத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் நாம் இதற்கே திரும்பி வருவோம்.

புதுவையின் இரு விளக்கங்கள்

புதுவைக்கு இயற்கையான துறைமுகம் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்குச் சற்றுத் தொலைவில், திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்குகளும் அலைகளைத் தாண்டிப் படகுகளில் கரைக்கு வந்தனர். மேலும், சோழமண்டலக் கடற்கரை தாழ்வானது, தட்டையானது. மலை முனையோ பாறை முகடோ இல்லாமல் மணலும் தென்னையும் பனையுமாகக் கல் கணக்கில் ஒரே மாதிரி நீண்டு கிடக்கிறது. பகலிலேயே ஓர் ஊரை மற்றோர் ஊரிலிருந்து பிரித்தறிவது கடினம் என்றால், இரவில் கேட்கவும் வேண்டுமா?

இந்நிலையில் பிரெஞ்சு அரசு எழுப்பிய விளக்கம்தான் இன்றைய கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகில் நிற்கும் பழைய கோபுரம். அதன் உயரம் ஏறத்தாழ 29 மீட்டர். 1836 ஜூலை 1-ஆம் நாள் அதில் முதன்முதலாக ஒளி ஏற்றப்பட்டது. ஏறக்குறைய 143 ஆண்டுகள் உழைத்த பின் 1979-இல் அது ஓய்வு பெற்றது. அதே ஆண்டில் 48 மீட்டர் உயரமுள்ள புதிய கலங்கரை விளக்கம் அப்பணியை ஏற்றுக்கொண்டது. அன்று மாலை எங்களைத் தொட்ட ஒளி இந்தப் புதிய விளக்கத்தினுடையது.

சென்னையிலும் இப்படி விளக்கு இடம் மாறிய வரலாறு உண்டு. 1796-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஒரு கட்டடத்தின் மேல் தேங்காயெண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. 1844-இல் தனியே ஒரு கல்தூண் எழுந்தது. உயர்நீதிமன்ற வளாகத்தில் அதை இன்றும் காணலாம். 1894-இல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்திற்கே விளக்கு ஏறியது. 1977-இல் மெரினாவின் புதிய கோபுரத்திற்குச் சென்றது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில், ஒருபுறம் ஏரியும் மறுபுறம் கடலுமாக உள்ள மணற்பரப்பில் 1859 முதல் விளக்கம் இருந்து வருகிறது. தெற்கே கோடியக்கரையில், சோழர் காலத்தது என்று வழிவழியாகச் சொல்லப்பட்ட பழைய விளக்கத்தின் எச்சம் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் அழிந்தது.

இந்த வரலாறுகளில் ஒரு போக்கைக் கவனித்தீர்களா? புதுவையில் 29 மீட்டர் கோபுரத்தின் வேலையை 48 மீட்டர் கோபுரம் ஏற்றது. சென்னையிலும் விளக்கு கட்டடத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து கோபுரத்திற்கும் ஏறியது. இந்த உயரத்தின் தேவை என்ன?

உயரம் ஏன்?

பூமி உருண்டை. கடற்பரப்பும் உருண்டையின் பரப்பே. கரையில் நின்று பார்க்கும்போது, ஓர் எல்லைக்கு அப்பால் கடல் நம் பார்வைக்குக் கீழே வளைந்து இறங்கிவிடுகிறது. அந்த எல்லையே தொடுவானம். விளக்கு எத்தனை பிரகாசமாக இருந்தாலும், தொடுவானத்திற்குக் கீழே இருக்கும் கப்பலுக்கு அது தெரியாது. ஒளி நேர்கோட்டில் செல்வதுதான் காரணம்.

தொடுவானம் எத்தனை தொலைவில் உள்ளது? இதைக் கணக்கிட ஒன்பதாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். கோபுர உச்சியிலிருந்து கடற்பரப்பைத் தொடுமாறு ஒரு தொடுகோடு வரையுங்கள். தொடும் புள்ளியிலிருந்து பூமியின் மையத்திற்கு ஒரு கோடு. மையத்திலிருந்து கோபுர உச்சிக்கு ஒரு கோடு. ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. அதிலிருந்து, தொலைவின் வர்க்கம் ஏறத்தாழ பூமியின் ஆரத்தைப்போல் இருமடங்கை உயரத்தால் பெருக்கிய தொகைக்குச் சமம் என்று வரும். பூமியின் ஆரம் சுமார் 6,370 கிலோமீட்டர் என்று கொண்டால், எளிய சூத்திரம் ஒன்று கிடைக்கும்:

தொடுவானத் தொலைவு (கிலோமீட்டரில்) = 3.57 × உயரத்தின் வர்க்கமூலம் (மீட்டரில்)

கோபுரத்தின் உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். 29-இன் வர்க்கமூலம் 5.39. எனவே பழைய விளக்கத்தின் தொடுவானம் சுமார் 19.2 கிலோமீட்டர். 48-இன் வர்க்கமூலம் 6.93. புதிய விளக்கத்திற்கு அது 24.7 கிலோமீட்டர். படகில் இருப்பவருக்கும் ஒரு தொடுவானம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் அவருடைய தொடுவானம் 7.1 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் விளக்கு முதன்முதலில் கண்ணில் படும் தொலைவு கிடைக்கும். பழைய விளக்கத்திற்கு 26.3 கிலோமீட்டர், புதியதற்கு 31.8 கிலோமீட்டர். காற்று மண்டலத்தில் ஒளி சற்றே கீழ்நோக்கி வளைவதால், உண்மையில் இத்தொலைவுகள் சுமார் 8 விழுக்காடு கூடும்.

உயரத்தை 19 மீட்டர் கூட்டியதால் கிடைத்த ஆதாயம் ஐந்தரைக் கிலோமீட்டர். இது சிறிய ஆதாயமா? மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் கரை திரும்பும் படகுக்கு இது அரைமணி நேரத்திற்கும் மேல். புயல் சின்னம் உருவாகியுள்ள இரவில், அரைமணி நேரம் முன்கூட்டியே திசை தெரிவதும் தெரியாமற் போவதும் ஒன்றல்ல.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொலைவு உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே தொலைவை இருமடங்காக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். பழைய விளக்கத்தின் தொடுவானத்தை இரட்டிக்க 116 மீட்டர் கோபுரம் தேவைப்படும்! ஓரளவுக்கு மேல் உயரத்தைக் கூட்டுவது கட்டுப்படியாகாது என்பது இதனால் விளங்கும். அந்த எல்லையை அடைந்தபின், நம் கவனம் கோபுரத்திலிருந்து அதன் உச்சியில் எரியும் விளக்கிற்குத் திரும்ப வேண்டும்.

சிதறும் ஒளியைத் திரட்டுதல்

திறந்த வெளியில் எரியும் ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் ஒளியை வாரி இறைக்கிறது. தொலைவு இரு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒன்றாகிறது. ஒரு கிலோமீட்டரில் கிடைக்கும் ஒளியில், 20 கிலோமீட்டரில் கிடைப்பது 400-இல் ஒரு பங்கே. அதிலும் வானத்தை நோக்கிச் செல்லும் ஒளியாலும், கோபுரத்தின் அடியை நோக்கிச் செல்லும் ஒளியாலும், ஊருக்குள் செல்லும் ஒளியாலும் மாலுமிக்கு எந்தப் பயனும் இல்லை.

இந்த வீணைத் தடுக்க முதலில் குழியாடிகளை விளக்கின் பின்னால் வைத்தார்கள். ஆனால் அக்கால உலோக ஆடிகள் ஒளியின் பெரும் பகுதியை விழுங்கிவிட்டன. கடற்காற்றில் விரைவில் மங்கியும் போயின. கண்ணாடி வில்லையைப் பயன்படுத்தலாமே என்றால், அத்தனை பெரிய குவிவில்லை நடுவில் மிகத் தடிமனாகிவிடும். அதன் எடையைக் கோபுரம் தாங்காது. தடித்த கண்ணாடி ஒளியை உறிஞ்சியும் விடும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் அகஸ்தீன் பிரெனெல் (1788–1827) என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ஒளி அலை வடிவானது என்பதை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் அவரே என்பதை இயற்பியல் மாணவர்கள் அறிவீர்கள். அவர் கண்டதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒளிவிலகல் வில்லையின் பரப்பில்தான் நிகழ்கிறது; உள்ளே இருக்கும் கண்ணாடி ஒளியை நேராகக் கடத்துவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. எனில், உள்ளே இருக்கும் வீண் கண்ணாடியை வெட்டி எறிந்துவிட்டு, வளைந்த பரப்பை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன?

குறுக்கே வெட்டிய வெங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வளையத்திற்குள் வளையமாக இருக்கும். பிரெனெலின் வில்லையும் அப்படித்தான். நடுவில் ஒரு சிறு வில்லை. அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கண்ணாடிப் பட்டகங்கள். ஒவ்வொரு வளையத்தின் சாய்வும் தனித்தனியே கணக்கிடப்பட்டிருப்பதால், எல்லா வளையங்களும் விளக்கின் ஒளியை ஒரே திசையில் இணைக்கற்றையாக அனுப்புகின்றன. மையத்திலிருந்து மிகவும் விலகிய ஒளியை விலகலால் மட்டும் திருப்ப முடியாது. அங்கே முழு அகப் பிரதிபலிப்பு உதவிக்கு வருகிறது. கண்ணாடிக்குள் செல்லும் ஒளி சுமார் 42 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் அதன் பரப்பில் பட்டால், வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். எந்த உலோக ஆடியும் இத்தனை நன்றாகப் பிரதிபலிப்பதில்லை. கடற்காற்றில் மங்கவும் மங்காது.

1823-இல் பிரான்சின் ஜிரோந்த் ஆற்று முகத்தில் உள்ள கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் இவ்வில்லை முதன்முதலாக ஒளிர்ந்தது. நான்கு ஆண்டுகளில், தம் 39-ஆவது வயதில், காச நோயால் பிரெனெல் மறைந்தார். அவருடைய வில்லையோ உலகின் கடற்கரைகளையெல்லாம் சென்று சேர்ந்தது. இன்று மோட்டார் வண்டியின் விளக்குக் கண்ணாடியிலும், சில வண்டிகளின் பின்புறச் சன்னலில் ஒட்டியிருக்கும் வரிவரியான மெல்லிய தகட்டிலும் அதே தத்துவத்தைக் காணலாம்.

சுழற்சி ஏன்? முதல் விடை

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். ஒளியைத் திரட்டுவதால் எத்தனை ஆதாயம் என்று பாருங்கள். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள முழுக் கோளப் பரப்பில் ஏறத்தாழ 41,250 சதுரப் பாகைகள் உள்ளன. விளக்கின் ஒளி முழுவதையும், இழப்பு எதுவுமின்றி, ஐந்து பாகை அகலமும் ஐந்து பாகை உயரமும் கொண்ட ஒரே கற்றையாக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 25 சதுரப் பாகை. அப்போது அத்திசையில் ஒளி 1,650 மடங்கு செறிவாகும்! விளக்கைச் சுற்றி நான்கு வில்லைகளை அமைத்து நான்கு கற்றைகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் சுமார் 400 மடங்கு செறிவாக இருக்கும். நடைமுறையில் இழப்புகள் உண்டு. எனினும் ஆதாயம் மிகப் பெரிது.

ஆனால் ஒளியை ஒரு திசையில் குவித்துவிட்டால் மற்றத் திசைகள் இருண்டுவிடுமே! அதற்காகத்தான் வில்லைகளைச் சுழல விடுகிறோம். எல்லாத் திசைகளுக்கும் எப்போதும் மங்கலான ஒளி தருவதா, அல்லது ஒவ்வொரு திசைக்கும் முறைவைத்துப் பேரொளி தருவதா என்ற கேள்வியில், இரண்டாவதே வென்றது. மங்கலான ஒளி 20 கிலோமீட்டரில் கண்ணுக்கே எட்டாது. பத்து நொடிக்கு ஒருமுறை வந்தாலும் செறிவான ஒளி எட்டிவிடும்.

அப்படியானால் வேகமாகச் சுழற்றி, இருளின் நேரத்தைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கே நம் கண் குறுக்கே நிற்கிறது. மிகச் சிறிது நேரமே தோன்றி மறையும் ஒளியைக் கண் அதன் முழு அளவில் உணர்வதில்லை. பிளாண்டெல், ரே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1911-இல் இதற்கு ஒரு விதி கண்டனர். ஒளி கண்ணில் படும் நேரத்தை, அந்த நேரத்தோடு 0.2 நொடியைக் கூட்டி வரும் தொகையால் வகுத்தால், உண்மைச் செறிவில் எத்தனை பங்கைக் கண் உணர்கிறது என்பது தெரியும். நான்கு வில்லைகள் 40 நொடிக்கு ஒருமுறை சுற்றினால், ஐந்து பாகைக் கற்றை மாலுமியைக் கடக்க 0.56 நொடி ஆகும். அவர் உணர்வது முக்கால் பங்கிற்குச் சற்றுக் குறைவு. அதே வில்லைகளை 10 நொடிக்கு ஒருமுறை சுழற்றினால், ஒளி 0.14 நொடியே நிற்கும். உணர்வது ஐந்தில் இரண்டு பங்குதான். எனவே வேகத்திற்கும் ஓர் அளவு உண்டு.

டன் கணக்கில் எடையுள்ள பெரிய வில்லைக் கூண்டுகளை அக்காலத்தில் எப்படிச் சுழற்றினார்கள்? சுவர்க் கடிகாரத்தைப்போல, கோபுரத்தின் நடுவே ஓர் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, அது மெல்லக் கீழிறங்கும் விசையால் சுழற்றினார்கள். காவலர் இரவில் பலமுறை சாவி கொடுத்து அக்கல்லை மேலேற்ற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கூண்டைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிடும் முறை வந்தது. உராய்வு மிகவும் குறைந்ததால், ஒரு விரலால் தள்ளினாலே பெரிய கூண்டும் நகரும். பாதரச ஆவி நஞ்சு என்பதால் பின்னர் அம்முறை பல இடங்களில் கைவிடப்பட்டது.

இரண்டாவது விடை: ஒளிக்கும் ஒரு பெயர்

இதுவரை சொன்னது பாதி விடைதான். மறுபாதியை ஒரு விபத்து நமக்குக் கற்பிக்கும்.

1846 செப்டம்பர் 22-ஆம் நாள், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து நியூயார்க்கை நோக்கி 'கிரேட் பிரிட்டன்' என்ற நீராவிக் கப்பல் புறப்பட்டது. புகழ்பெற்ற பொறியாளர் புரூனெல் வடிவமைத்த இரும்புக் கப்பல் அது. அன்றைய உலகின் மிகப் பெரிய கப்பல். அன்றிரவு கப்பல் தலைவர் தொலைவில் ஒரு விளக்கைக் கண்டார். அது மேன் தீவருகே உள்ள விளக்கு என்று முடிவு செய்து, அதற்கேற்பக் கப்பலைச் செலுத்தினார். உண்மையில் அது அயர்லாந்துக் கரையில் செயின்ட் ஜான் முனையில் 1844-இல் ஏற்றப்பட்ட புதிய விளக்கு. அவரிடம் இருந்த கடற்படத்தில் அது குறிக்கப்படவில்லை. கப்பல் டண்ட்ரம் விரிகுடாவின் மணலில் ஏறிச் சிக்கிக்கொண்டது. நல்லவேளையாகப் பயணிகள் உயிர் பிழைத்தனர். ஆனால் கப்பலை மீட்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அந்நட்டத்தால் கப்பலின் உரிமையாளர்களான கம்பெனியே நொடித்துப் போயிற்று.

சிந்தித்துப் பாருங்கள். அந்த விளக்கு அணைந்திருக்கவில்லை. மங்கலாகவும் இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தது. ஒளியைக் கண்டவர் அது எந்த ஒளி என்று அறியவில்லை; அவ்வளவே. விளக்கே தெரியாவிட்டால் மாலுமி அஞ்சி வேகத்தைக் குறைப்பார், ஆழம் பார்ப்பார். தவறாக அறிந்த விளக்கோ அவரைத் துணிவோடு ஆபத்திற்குள் அழைத்துச் சென்றுவிடும். பொய் விளக்குக் காட்டிக் கப்பலைத் திசைதிருப்புவதை, 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றமாக வைத்ததும் இதனால்தான்.

எனவே விளக்கு தெரிந்தால் மட்டும் போதாது. தான் யார் என்பதையும் அது சொல்ல வேண்டும். 1851-இல் சார்லஸ் பாபேஜ் இதற்கு ஒரு வழி கூறினார். கணிப்பொறியின் முன்னோடி என்று நாம் போற்றும் அதே பாபேஜ்தான். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்திற்கும் ஓர் எண் தர வேண்டும். ஒளியை மறைத்தும் காட்டியும் அது தன் எண்ணை இரவு முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னபடியே எண் முறை வரவில்லை. ஆனால் அக்கருத்து நிலைத்தது. இன்று ஒவ்வொரு விளக்கத்திற்கும் தனித்த ஒளி முறை உண்டு. அது கடற்படத்திலும் விளக்குப் பட்டியல் நூலிலும் அச்சிடப்பட்டிருக்கும்.

எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில் மூன்று புகழ்பெற்ற விளக்கங்கள் உள்ளன. லிசார்டு விளக்கம் 3 நொடிக்கு ஒருமுறை ஒளிரும். எடிஸ்டோன் விளக்கம் 10 நொடிக்கு இருமுறை ஒளிரும். பிஷப் பாறை விளக்கம் 15 நொடிக்கு இருமுறை ஒளிரும். மூன்றும் வெண்ணிற ஒளிதான். ஆனால் கையில் கடிகாரம் உள்ள மாலுமிக்கு ஐயமே எழாது.

இந்த வேறுபாடுகளைத் தருவது சுழற்சியே. நான்கு வில்லைகளைச் சம இடைவெளியில் வைத்து 40 நொடிக்கு ஒரு சுற்று விட்டால், 10 நொடிக்கு ஓர் ஒளி. இரண்டு வில்லைகளை நெருக்கமாக வைத்து, மற்றப் பக்கத்தை மூடிவிட்டால், ஒரு சுற்றுக்கு இரட்டை ஒளியும் நீண்ட இருளும். வில்லைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் வேகத்தையும் மாற்றி மாற்றி எத்தனையோ பெயர்களை எழுதிவிடலாம். ஒளி எழுத்து என்றால், அதற்கு இடையே வரும் இருளும் எழுத்துத்தான். இரண்டும் சேர்ந்தால்தான் பெயர். "இருட்டால் யாருக்கு என்ன பயன்?" என்று மாணவர் கேட்டாரே, அதற்கு இரண்டாவது விடை இதுதான்.

இன்றும் தேவையா?

செயற்கைக்கோள்கள் நம் இருப்பிடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லும் காலம் இது. கைப்பேசியிலேயே அவ்வசதி இருக்கும்போது கலங்கரை விளக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

செயற்கைக்கோளிலிருந்து வரும் வானொலி அலைகள் நம்மை அடையும்போது மிகமிக நலிந்திருக்கும். அவற்றை அடக்குவதும் எளிது. பொய்யான அலைகளை அனுப்பிக் கருவியை ஏமாற்றுவதும் இயலும். 2017 ஜூன் மாதத்தில் கருங்கடலில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் கருவிகள், அவை நிலத்தில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின! 'கிரேட் பிரிட்டன்' கப்பலின் கதை புதிய உருவில் திரும்பி வருவதைப் பார்த்தீர்களா? கருவி வேலை செய்தது. ஆனால் சொன்னது பொய். அத்தகைய வேளையில், கருவி காட்டும் இடமும் கண் காணும் விளக்கும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதே மாலுமிக்குப் பாதுகாப்பு. சிறு படகுகளில் செல்லும் மீனவர்களுக்கோ, மின்கலம் தீர்ந்த கருவியைவிடக் கரையில் எரியும் விளக்கே உறுதியான துணை.

விளக்கங்களும் காலத்திற்கேற்ப மாறி வருகின்றன. எண்ணெய் போய் மின்சாரம் வந்தது. இன்று பல இடங்களில் எல்.இ.டி. விளக்குகளும் சூரிய மின்பலகைகளும் வந்துள்ளன. சில விளக்கங்களில் 'ரேகான்' என்ற கருவி உண்டு. கப்பலின் ரேடார் அலை பட்டதும், அது மோர்ஸ் எழுத்து ஒன்றைக் கப்பலின் ரேடார்த் திரையில் எழுதிக் காட்டும். இங்கும் பாருங்கள், தன் பெயரைச் சொல்வதே வேலை! நம் நாட்டில் இப்போது ஏறத்தாழ 200 கலங்கரை விளக்கங்கள் உள்ளன. 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்திற்கு மாற்றாக, 2021-இல் கடல்வழி உதவிகளுக்கான புதிய சட்டம் வந்துள்ளது. 1927-இல் பழைய சட்டம் பிறந்த செப்டம்பர் 21-ஆம் நாள் தேசியக் கலங்கரை விளக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஒரு புதிய இடையூறும் தோன்றியுள்ளது. கடற்கரை நகரங்களின் சாலை விளக்குகளும் விடுதிகளின் விளம்பர ஒளிகளும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. கடலிலிருந்து பார்ப்பவருக்குக் கரை முழுவதும் ஒரே ஒளிக்காடு. அதற்குள்ளிருந்து ஒரு விளக்கைப் பிரித்தறிய வேண்டும். நிலையாக எரியும் ஆயிரம் விளக்குகளுக்கிடையில், முறையாகத் தோன்றி மறையும் ஒளி மட்டுமே தனித்துத் தெரியும். அந்த வகையில், சுழற்சியின் தேவை முன்னைவிட இன்று கூடியிருக்கிறது.

நீங்களே எண்ணிப் பாருங்கள்

கடற்கரை ஊர்களில் வாழும் வாசகர்கள் ஓர் எளிய சோதனை செய்யலாம். இருட்டிய பின் விளக்கம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்று போதும். ஒளி ஒருமுறையா, அடுத்தடுத்து இருமுறையா என்று பாருங்கள். ஒரு தொகுதி தொடங்கியதிலிருந்து அடுத்த தொகுதி தொடங்கும் வரை உள்ள நேரத்தை அளந்து குறியுங்கள். பத்துத் தொகுதிகளுக்கான மொத்த நேரத்தை அளந்து பத்தால் வகுத்தால் பிழை குறையும். வேறோர் ஊருக்குச் செல்லும்போது அங்கும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டு விளக்கங்களின் பெயர்களை நீங்கள் படித்துவிட்டீர்கள்!

அன்று மாலை நாங்களும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். அதுவரை பேசாமல் இருந்த மாணவி ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "எங்கப்பா கடிகாரம் பார்க்க மாட்டார் சார். ராத்திரி கரை திரும்பும்போது வாய்க்குள்ளேயே ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவாராம். எண்ணிக்கை சரியா வந்தா நம்ம ஊர்னு தெரிஞ்சுக்குவாராம்."

அவள் மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து படிக்க வருபவள். நான் ஒரு மணி நேரம் விளக்கியதை அவள் தந்தை எண்ணிக்கையிலேயே அறிந்து வைத்திருக்கிறார்.

கலத்தைக் கரைந்து அழைப்பது கலங்கரை விளக்கம் என்று பெயரிட்டவர்களும் இதை அறிந்திருக்கக்கூடும். அழைப்பு என்றால் குரல் வேண்டும். குரல் என்றால், கேட்டவுடன் இன்னாருடையது என்று தெரிய வேண்டும். அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது அந்த ஒளி உங்களைத் தொட்டால், உடனே எண்ணத் தொடங்குங்கள். அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.